முகூர்த்த நாளில் விமானியைத் தூங்க வைத்த பீமராவ் அவர்களுக்கு

திருவரங்கத்துக் கீழச்சித்திரை வீதி ஈன்ற கீர்த்தியே! விமானிகளின் விழிகளுக்கு வேலி கட்டிய வித்தகரே! கொட்டாவியைக் குரலிலேயே கண்டுகொள்ளும் கோமகனே! ஒருநாளும் விமானம் ஓட்டாமலேயே வானத்தை வழிநடத்திய வள்ளலே! எங்கள் ராவ் சாரே! பணிநிறைவு பெறும் இந்நன்னாளில், அடுத்த அறையில் சாம்பார் சாதம் ஆறிக்கொண்டிருப்பதை அறிந்தும், இம்மடலை நீட்டி வாசிக்கத் துணிந்தோம், பொறுத்தருள்க!

எந்த விமானத்தை எவர் ஓட்டுவது, எவர் உபசரிப்பது, ஓட்டிக் களைத்தவர் எப்போது ஓய்வது என்று வகுக்கும் ரோஸ்டர் பணியை, பல்லாண்டுக் காலம் பழுதின்றிப் பார்த்தவர் பீமராவ் அவர்கள். ஓய்வில் இருக்கும் பணிப்பெண்ணை டூட்டிக்கு இழுக்க மேலிடம் அழைத்தால், ராவ் சாரின் கைப்பேசியில் மட்டும் சிக்னல் போய்விடும். அயர்ச்சியின் ஆபத்தை அவர் அறிந்திருந்ததற்குக் காரணம் உண்டு. முன்னொரு காலத்தில், தூக்கம் கெட்ட கேப்டன் ஒருவர் சத்திரம் பேருந்து நிலையத்தில் டவுன் பஸ் ஏறி, காவிரிப் பாலம் இறங்கும் இடத்தில், "இன்னும் சற்று நேரத்தில் தரையிறங்கவிருக்கிறோம்" என்று அறிவித்தாராம். கண்டக்டர் உட்பட அனைவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்களாம். அம்மா மண்டபம் நிறுத்தத்தில் இறங்கிய ஒருவர், தம் பெட்டி எந்தப் பக்கம் வரும் என்று கேட்டு வெகுநேரம் நின்றாராம். இதற்கு அந்தக் கண்டக்டரே சாட்சி, அவர் காலமாகிவிட்டார்.

ராவ் சாரின் குணங்களை எல்லாம் கூறப் புகுந்தால் கூட்டம் கலைந்துவிடும். எனவே, சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதத்தில் நடந்ததை மட்டும் சொல்கிறோம்.

முதல்நாள் வந்திறங்கிய கேப்டன் அக்னஸ் வழக்கமான ஓட்டலில் தங்கியிருந்தார். மறுநாள் முற்பகல் ஷார்ஜா விமானம் அவருடையது. ரோஸ்டரில் அவருடைய ஓய்வு நேரம் அணுவளவும் குறையவில்லை. ஓட்டலை ஒட்டி ஒரு கல்யாண மண்டபம் இருப்பதும், அன்று முகூர்த்த நாள் என்பதும்தான் ரோஸ்டரில் இல்லை. ராவ் சார் உட்பட எங்களில் ஒருவரும் காலண்டரைப் பார்க்கவில்லை.

விமானிகளின் நிலையறிய அவர் எப்போதும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். அன்று காலையும் தொலைபேசியில் அதையே கேட்டார்.

"என்னம்மா சாப்பிட்டீங்க?"

"பந்தியில சாப்பிட்டேன் சார். கேசரி ரெண்டு தடவை வச்சாங்க."

"யாரு வீட்டுக் கல்யாணம்?"

"தெரியல சார். விடிய விடிய மைக் செட்டு. பொரண்டு பொரண்டு பார்த்துட்டு எறங்கிப் போயிட்டேன். மொய்யும் எழுதிட்டேன். பொண்ணோட சித்தின்னு மேடையில ஏத்தி போட்டோ வேற எடுத்துட்டாங்க."

"கண்ணே மூடலையா?"

"இல்ல சார். ஆனா கணக்குப்படி எனக்கு ரெஸ்ட் முடிஞ்சிருச்சு. வரச் சொன்னா வரேன்."

ராவ் சார் வரச் சொல்லவில்லை. அக்னஸின் பெயரை அடித்தார்.

எங்கள் நிலைய மேலாளர் சம்ரீன் அம்மையார் இதோ இம்மேடையில் சிரித்துக்கொண்டிருக்கிறார். அன்று சிரிக்கவில்லை.

"ரூம்ல இருந்தா அது ரெஸ்ட்தான் ராவ் சார். ரூல் அப்படித்தான் இருக்கு."

"ரூமுக்கு ரெஸ்ட் கிடைச்சிருச்சு மேடம். அந்தம்மாவுக்குத்தான் கிடைக்கல."

"வேற கேப்டனும் இல்ல. இன்னைக்கு இந்த ஃப்ளைட் போகலைன்னா ஹெட் ஆபீஸ்ல உங்க பேரைத்தான் சொல்லுவேன். வேலை போயிடும், பாத்துக்குங்க."

"தாராளமா சொல்லுங்க. இனிஷியலோட சொல்லுங்க மேடம். ஸ்ரீரங்கத்துல பீமராவுங்க நிறைய பேர் இருக்காங்க."

விமானம் கிளம்பாது என்று கேள்விப்பட்டு, அவ்வேளையில் எங்கள் விமான நிலைய அறைக்குள் புகுந்தார் பாலக்கரை அப்துல் மாலிக். ஷார்ஜாவில் வெல்டிங் வேலை. விடுமுறை முடிந்து திரும்புகிறவர்.

"சார், இன்னைக்குள்ள நான் அங்க எறங்கலைன்னா விசா போச்சு. எங்க வீட்டு அடுப்பே அந்த வேலையை நம்பித்தான் எரியுது." பாஸ்போர்ட்டை விரித்துக் காட்டினார்.

ராவ் சார் ஒளிக்கவில்லை. "ஓட்டறவங்க ராத்திரி முழுக்கத் தூங்கலைங்க. தூங்க ஒரு அமைதியான எடம் கிடைச்சா சாயங்காலமே கிளப்பிடலாம். ஊருக்கு வெளிய முக்கொம்பு வரைக்கும் விசாரிச்சுட்டேன். அங்கயும் கல்யாண ரிசப்ஷனாம்."

மாலிக் திரும்பிப் பார்த்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே, அவரை வழியனுப்ப வேன் நிறைய வந்த சொந்தபந்தம் நின்றது.

"எங்க வீடு சும்மாத்தான் கெடக்கு சார். எல்லாரும் இங்கதான் நிக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரங்களும் இங்கதான்."

"பூனை ஏதும் உண்டா?" ரோஸ்டர் போடுகிறவர் எதையும் விசாரிக்காமல் விடலாகாது.

"அதையும் தூக்கிட்டு வந்துட்டோம் சார்" என்று கூடையை உயர்த்திக் காட்டினார் மாலிக்கின் தங்கை வஹீதா.

வஹீதா சாவியோடு பறந்தார். கேப்டனை அழைத்துப் போய்ப் படுக்க வைத்து, சன்னலில் போர்வை கட்டி, காலிங்பெல் வயரைப் பிடுங்கி, வாசலில் நாற்காலி போட்டுக் காவல் அமர்ந்தார். மீன் விற்பவர் அன்று அத்தெருவில் சைகையிலேயே வியாபாரம் செய்தார். உள்ளே எழுந்த குறட்டையில் காந்தி மார்க்கெட்டில் தக்காளி உருண்டதாகவும் சொல்வார்கள். நாங்கள் நம்பவில்லை, பொறுக்கியவர்கள் நம்புகிறார்கள். விமான நிலையத்திலோ, வழியனுப்பக் கொண்டுவந்த பிரியாணியைச் சொந்தபந்தங்கள் சக பயணிகளோடு பங்கிட்டுக்கொண்டார்கள். சம்ரீன் அம்மையாருக்கும் ஒரு தட்டு போயிற்று. இரண்டாம் தட்டை அவரே கேட்டு வாங்கினார்.

பிற்பகல் சாய்ந்தபின் அக்னஸ் தாமாகவே கண்விழித்து அழைத்தார்.

"என்னம்மா சாப்பிட்டீங்க?"

"ஒண்ணுமே சாப்பிடல சார். பயங்கரமாப் பசிக்குது."

ராவ் சார் அடித்த பெயரை மீண்டும் எழுதினார். வீட்டிலேயே நன்றாகத் தூங்கி வந்திருந்த உள்ளூர்த் துணை விமானியுடன், வெயில் தாழ விமானம் எழுந்தது. வழியனுப்ப வந்தவர்கள் கடைசி வரை கையசைத்தார்கள். பூனையின் காலைப் பிடித்தும் அசைத்தார்கள்.

ஷார்ஜாவிலிருந்து மாலிக் அழைக்கும் வரை ராவ் சார் நாற்காலியை விட்டு எழவில்லை. "எறங்கிட்டேன் சார், சீல் குத்திட்டாங்க!" என்ற குரல் கேட்டு அறையே ஆரவாரித்தது. சம்ரீன் அம்மையார் சொன்ன சொல் தவறாமல் தலைமையகத்தில் பீமராவின் பெயரைச் சொன்னார், இனிஷியலோடு, பாராட்டித்தான் சொன்னார். ஓட்டல் மாறியது. அன்றுமுதல் முகூர்த்த நாள் பார்க்காமல் எங்கள் பிரிவில் ரோஸ்டர் போடுவதில்லை. ஜோசியர்கள்கூட எங்களுக்கு அடுத்தபடிதான்.

அன்று வீட்டுக்குக் கிளம்பும் முன், ராவ் சார் தயங்கித் தயங்கி, "மேடம், நாளைக்கு எனக்கு லீவு கிடைக்குமா? கொஞ்சம் தூங்கணும்" என்று கேட்டார். ரோஸ்டரைப் புரட்டிப் பார்த்த அம்மையார், "உங்களுக்குப் பதில் ஆள் இல்லையே சார்" என்றார். மறுநாளும் அவர்தான் வந்தார். அதற்கு மறுநாளும் அவரே.

பெருந்தகையீர்! உங்கள் துணைவியார் யமுனா அம்மையாரோடு, நோயற்று, நூறாண்டு கடந்து, நிறைந்த சிரிப்போடு நீவிர் வாழ்க! பதில் ஆள் இன்னும் கிடைத்தபாடில்லை. ஆயினும் அன்று நீங்கள் கேட்ட விடுப்பை, இன்று மனமுவந்து வழங்குகிறோம். போய்த் தூங்குங்க சார்!

என்றும் தங்கள் அன்பை மறவாத
ரோஸ்டர் பிரிவினர், விமானிகள், பணிப்பெண்கள், தரைப் பணியாளர்கள்
திருச்சிராப்பள்ளி