நீல மூடி பிளாஸ்க்

பயப்படாம குடிங்க சார். நீல மூடி பிளாஸ்க்லேர்ந்துதான் ஊத்தியிருக்கேன், கஃபீன் எடுத்த காப்பி. மத்தியானத்துக்கு மேல நிஜக் காப்பி குடிச்சா ராத்திரி பூரா விட்டத்தைப் பாத்துக்கிட்டுக் கெடப்பேன்னீங்களே, சொல்லும்போதே முகத்துல ஒரு பெருமை. நமக்கு மட்டும் ஏதோ நுட்பமான உடம்புங்கற பெருமை. நான் நிறைய பாத்துட்டேன் சார் அதை.

சரி, விசாரணையை ஆரம்பிங்க, கேளுங்க. ஆமா, இந்த பஸ் டிப்போ கேன்டீன்ல பத்தொம்பது வருஷமா நான்தான் காப்பி போடறேன். ஆமா, மாட்டிக்கிட்டிருக்கிற டிரைவர் என் மாப்பிள்ளைதான். அதை மொதல்ல எழுதிக்குங்க. அவருக்கு வேலை போனா, அவரும் என் பொண்ணும் பெட்டியைத் தூக்கிக்கிட்டு என் வீட்டு மாடிக்குத்தான் வரணும். அதனால நான் சொல்றதையெல்லாம் நீங்க சந்தேகப்படணும். தாராளமா படுங்க, சம்பளம் அதுக்குத்தானே.

சர்க்குலரா? எங்க மேனேஜர் பெரிய மேதை சார். டிரைவருங்களுக்குக் காக்கிச் சட்டை நாலு அளவுல வெச்சிருக்காரு. காப்பி மட்டும் ஒரே அளவு. சாயங்காலம் நாலு மணிக்கு, ரெண்டாவது டிரிப்புக்கு முன்னாடி, ஆளுக்கு ஒரு டம்ளர் ஸ்ட்ராங்கா குடிக்கணும், குடிச்சிட்டு ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போடணும். யாரும் வண்டியில தூங்கக் கூடாதாம். காப்பிக்கெல்லாம் கையெழுத்து வாங்கற டிப்போ நீங்க வேற எங்கயாவது பாத்திருக்கீங்களா?

ஆனா ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு மாதிரி. பொட்டலம் கட்டற பேப்பரைக்கூட ரெண்டு பக்கமும் படிச்சிட்டுத்தான் நான் கசக்குவேன், அதுல போட்டிருந்தான். கஃபீனைக் கரைச்சு வெளிய அனுப்பறது கல்லீரலாம். ஒருத்தருக்கு அது மூணு நாலு மணி நேரத்துல பாதியைத் தீத்துடும். இன்னொருத்தருக்கு அரசாங்க ஆபீஸ் ஃபைல் மாதிரி, நாலு மணிக்கு உள்ள போனது நடுராத்திரியும் மேஜை மேலயே கெடக்கும். உங்களைச் சொல்லல சார், பொதுவா சொன்னேன்.

இங்க மீசைக்காரர்னு ஒரு டிரைவர் இருக்காரு. மூணு டம்ளர் குடிச்சிட்டு, நான் டம்ளரைக் கழுவி முடிக்கறதுக்குள்ள பெஞ்சுல குறட்டை விடுவாரு. டிக்கெட் கொடுக்கற அம்மா அரை டம்ளர் குடிச்சா சில்லறை எண்ணும்போது விரல் ஆடும். இவங்க எல்லாருக்கும் ஒரே டம்ளர், ஒரே கையெழுத்து.

மூணு மாசம் முன்னாடி மாப்பிள்ளை வந்து நின்னாரு. மாமா, நாலு மணிக் காப்பி விடிகாலை வரைக்கும் கண்ணுல நிக்குது, காலையில அஞ்சு மணிக்கு வண்டி எடுக்கணுமேன்னாரு. கஃபீன் எடுத்த காப்பித்தூள் ஒரு பொட்டலம் அவரே வாங்கிட்டு வந்து கொடுத்தாரு. நீல மூடி பிளாஸ்க் அன்னைக்கு ஆரம்பிச்சதுதான். ரெஜிஸ்டர்ல அவரு கையெழுத்துப் பக்கத்துல நீலம்னு நானே எழுதுவேன். எனக்கு எதுலயும் ஒரு சுத்தம் வேணும் சார்.

இப்ப அந்த நீலத்தைத்தான் பிடிச்சுக்கிட்டீங்க. ஸ்ட்ராங் காப்பி குடிக்காம ஏமாத்தினான், அதனாலதான் விடிகாலையில தூங்கிப்போய் கேட் தூண்ல உரசினான்னு. நல்லவேளை, வண்டியில ஆளே ஏறல, ஒரு கண்ணாடியோட போச்சு.

என்னது? ஆமா, நீலத்துக்கு மாறின அப்புறமும் தூக்கம் வரலைன்னுதான் சொன்னாரு. பாத்தீங்களா மாப்பிள்ளை, பாவம் காப்பி மேல பழியைப் போட்டீங்களே, எல்லாம் மனசுன்னு நான்கூட கிண்டல் பண்ணினேன். மனுஷன் மறுநாளும் வந்து நீலத்தையே குடிச்சிட்டுப் போனாரு. கண்ணு மட்டும் நாளுக்கு நாள் உள்ள போச்சு.

இப்ப ஒரு வாரமா சஸ்பென்ஷன். நாலு மணிக்கு இங்க வர்றதில்ல. நேத்து பொண்ணு ஃபோன் பண்ணினா. வேலை போகப்போகுதுன்னு தெரிஞ்சும் ஒன்பது மணிக்கே படுத்து அப்படித் தூங்கறாருப்பா, இந்த மனுஷனை என்ன பண்றதுன்னு அழறா.

நான் நாலு டம்ளர் குடிக்கற ஆளு சார். கடைசி டம்ளர் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம். தலையணையில தலை பட்டா அவ்வளவுதான். பேப்பர்ல படிக்கறது வேற, நம்பறது வேற இல்லையா? என் உடம்புல இல்லாத ஒண்ணு இன்னொருத்தர் உடம்புல இருக்கும்னு... சரி விடுங்க.

எழுதிட்டீங்களா, சர்க்குலரை மீறினாருன்னு? அடிச்சிடுங்க. அவரு ஒரு நாளும் மீறல. எல்லாருக்கும் ஊத்தற சிவப்பு மூடி, அவரோட நீல மூடி, ரெண்டையும் ஒரே ஸ்ட்ராங் காப்பிப் பாத்திரத்துலேர்ந்துதான் நான் நிரப்பினேன். இவரு ஒருத்தருக்காகத் தனியா அடுப்பு பத்த வைக்கணுமான்னு.

இல்ல, அவருக்குத் தெரியாது. இன்னைக்கு விசாரணைக்குன்னு வந்து வெளிய பெஞ்சுலதான் உக்காந்திருக்காரு, நீங்களே சொல்லிடுங்க. எனக்குத் தைரியம் இல்ல.

இதையும் ஃபைல்ல வெச்சுக்குங்க. அவரு வாங்கிக் கொடுத்த பொட்டலம். கடைச் சீட்டு இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு, தேதி பாத்துக்கலாம். உள்ள ரெண்டு ஸ்பூன்தான் குறையும் சார். இன்னைக்குத்தான் மூலையைக் கத்தரிச்சேன், உங்க டம்ளருக்காக.