குருநகருக்கு வந்த பேரில்லாத மரண அறிவித்தல்

எல்லாருக்கும் முன்னால் ஆண்டவருக்குத் தோத்திரம். இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் எங்கள் பங்குச் சுவாமி அவர்களே, 'கரையொளி' நாளிதழின் ஆசிரியர் மதிப்புக்குரிய கதிரவேலு ஐயா அவர்களே, அந்தப் பத்திரிகைக்கு அச்சுக்கோர்க்கும் யாகப்பு அண்ணை அவர்களே, முன்வரிசையில் இருக்கும் எங்கள் அருமைநாயகி அக்கா, தாய்மாரே, தகப்பன்மாரே, இன்றைக்குத் தொழிலுக்குப் போகாமல் வந்திருக்கும் சகோதரர்களே, உங்கள் எல்லாருக்கும் என் வணக்கம்.

நான் பெர்னடெட். மாதர் சங்கத்தின் கணக்கை எழுதுகிறவள். எனக்கு முன்னால் பேசிய பெரியவர்கள், நம்மை விட்டுப் பிரிந்த 'கரையொளி' நிருபர் கிறிஸ்துநாயகம் அவர்களைப் பத்திரிகை உலகின் தூண் என்றார்கள், விளக்கு என்றார்கள். நான் பள்ளிக்கூடம் அதிகம் போனவள் அல்ல. செபப்புத்தகத்திலும் அண்ணை எழுதின செய்தியிலும் எழுத்துக்கூட்டித்தான் தமிழ் படித்தேன். ஆனபடியால் எனக்கு அவர் தூணும் இல்லை, விளக்கும் இல்லை. பக்கத்து வீட்டு அண்ணை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அழுகிறதற்காக நான் இங்கே ஏறவில்லை. இந்தக் காலத்தில், செய்தி எழுதின ஒரு மனிதன் தன் வீட்டில், தன் கட்டிலில், பூசை கண்டுவிட்டு வந்து, பெண்சாதி கொடுத்த கஞ்சியைக் குடித்துவிட்டுக் கண்ணை மூடியிருக்கிறார் என்றால் அது எவ்வளவு பெரிய வரம்! அந்தப் பெண்சாதி, எங்கள் அருமைநாயகி அக்கா, அந்த வரத்தை ஒவ்வொரு நாளும் செபமாலை சொல்லிக் கேட்டவ. கேட்டது கிடைத்தது. நன்றி சொல்லுவோம்.

அண்ணையிடம் ஒரு கேள்வி இருந்தது. ஆர் என்ன செய்தி கொண்டுபோனாலும் முதலில் அதைத்தான் கேட்பார். "கண்டதோ, கேட்டதோ?" கேட்டது என்றால் சைக்கிளை எடுத்துக்கொண்டு பார்க்கப் போய்விடுவார். கண்டது என்றாலும் போய்விடுவார். பிறகு ஏன் கேட்கிறார் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

என் மனிசன் லியோன் ஒருமுறை திருக்கை ஒன்று பிடித்துக்கொண்டு வந்தார். கோயில் கதவளவு பெரிது என்று சந்தையெல்லாம் சொல்லித் திரிந்தார். அண்ணை என்ன செய்தார்? திருக்கையைத் தள்ளுவண்டியில் ஏற்றுவித்துக் கோயில் வாசலுக்கே கொண்டுபோனார். கதவோடு வைத்துப் பார்த்தார். அடுத்த நாள் பேப்பரில் வந்தது: "கோயில் கதவின் பாதியளவுள்ள திருக்கை." தபசு காலம் முழுக்க லியோன் அவரோடு கதைக்கவில்லை. உயிர்த்த ஞாயிறு பூசையிலே சுவாமி சமாதானம் சொல்லச் சொன்னபோதுதான் வேறு வழியில்லாமல் கை கொடுத்தார். சிரிக்காதேயுங்கோ, அந்த மனிசன் பின்வரிசையிலைதான் இருக்கிறார்.

அந்த லியோனைப் பற்றித்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

எண்பத்தெட்டாம் ஆண்டு. இறங்குதுறையில் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறி வந்த என் மனிசனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆர் பிடித்தது என்று நான் இந்த மேடையில் சொல்லத் தேவையில்லை. நமது ஊரில் துவக்கும் தோட்டாவும் வைத்திருந்தவர்கள் மாறி மாறி வந்தார்கள், நாங்கள் மாறாமல் இருந்தோம். முகாம் வாசலுக்கு ஓடினேன். அப்படி ஒருவர் இங்கே இல்லை என்றார்கள். மறுபடியும் போனேன். மறுபடியும் இல்லை.

அந்தக் காலத்தில் 'இல்லை' என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியாதா? உள்ளே இருக்கிறான் என்றால் அழுது கேட்கலாம், சுவாமியைக் கூட்டிக்கொண்டு போகலாம். இல்லை என்று சொல்லப்பட்ட மனிதனை நாளைக்கு உண்மையாகவே இல்லாமல் செய்துவிட்டால் ஆரிடம் போய்க் கேட்பது?

அண்ணையிடம் ஓடினேன். நான் தலையில் அடித்து அழுகிறேன், அவர் என்னைப் பார்த்து, "தங்கச்சி, லியோனைக் கொண்டுபோனது நீர் கண்டதோ, கேட்டதோ?" என்றார். எனக்கு வந்த கோபத்தைச் சுவாமிக்கு முன்னால் சொல்ல முடியாது. ஆனால் அன்றைக்கே அவர் துறைக்குப் போனார். கண்டவர்களைத் தேடிப் பிடித்தார். பிறகு, ஆண்கள் ஒருவரும் தேடிப் போகாத அந்த முகாமுக்குத் தானே சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்க் கேட்டார். அங்கே இருந்த பெரிய அதிகாரி சொன்ன பதில் இதுதான்: அப்படி ஒருவன் இல்லை, இதைப் பற்றி ஒரு சொல் வந்தாலும் அச்சகத்துக்குப் பூட்டு.

ஆசிரியர் கதிரவேலு ஐயா இங்கே இருக்கிறார், அவரே பிறகு எனக்குச் சொன்னதைத்தான் சொல்லுகிறேன். செய்தி கோர்த்து முடிந்திருந்தது. அச்சகம் பூட்டினால் அங்கே வேலை செய்கிற அத்தனை பேரின் அடுப்பும் அணையும். எடுத்துவிடு என்று அவர் சொன்னதில் என்ன பிழை? எடுத்த இடத்தில் தையல் மெசின் விளம்பரத்தைப் போடுவோம் என்றார். அப்போதுதான் அண்ணை முதல்தரம் தன் ஆசிரியரோடு எதிர்த்துக் கதைத்தாராம்.

"ஐயா, செய்தியைப் போடாட்டில் போடவேண்டாம். ஆனா அந்த இடத்திலை வேறை ஒண்டையும் வையாதேயுங்கோ. எங்களை எழுத விடேல்லை எண்டதாவது சனத்துக்குத் தெரியட்டும்."

ஐயா யோசித்துவிட்டுச் சம்மதித்தார். மேலே 'குருநகர்' என்ற ஊர்ப்பெயர் மட்டும். கீழே வெறும் இடம். அப்படியே விடும்படி யாகப்பு அண்ணையிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

யாகப்பு அண்ணை, நீங்கள் தலையைக் குனியவேண்டாம். அவர் என்ன செய்தார்? நாள்தோறும் மரண அறிவித்தல் கோர்த்துப் பழகின கை. மேலே ஊர்ப்பெயர், கீழே சதுரமாக இடம். செத்தவரின் பெயரும் கிரியை நேரமும் பிந்தி வரும் போல என்று நினைத்து, மரண அறிவித்தலுக்குப் போடுகிற கறுப்புக் கரையை எடுத்து நாலு பக்கமும் வடிவாக வைத்து அச்சுச் சட்டத்தைப் பூட்டிவிட்டார். பேப்பர் அப்படியே அச்சாகி விடிய வெளியே வந்துவிட்டது.

நாங்கள் பேப்பரில் முதலில் எதைப் பார்க்கிற ஆட்கள்? உண்மையைச் சொல்லுங்கள். அரசியலையா? உலகச் செய்தியையா? ஆர் செத்தது, ஆர் மோசம் போனது என்றுதானே! அன்றைக்குக் குருநகர் முழுக்கக் கண்டது, தன் ஊருக்கு ஒரு மரண அறிவித்தல். கறுப்புக் கரை இருக்கிறது, ஊர் இருக்கிறது, ஆளைக் காணவில்லை.

பிறகு நடந்ததை என்னவென்று சொல்ல! ஆர் செத்தது என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு போனார்கள். மணி அடிக்கவில்லையே என்று கோயிலுக்கு ஒரு கூட்டம் போனது. பாயோடு கிடந்த சூசைதாசன் அப்புவாகத்தான் இருக்கும் என்று முடிவெடுத்து, பெண்கள் ஒழுங்கை முகப்பிலேயே குரல் வைத்து அழுதுகொண்டு போனார்களாம். அப்பு எழும்பி இருந்து வெறுந்தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாராம். "ஆரடி பிள்ளையள் மோசம் போனது, நானும் வாறன்" என்று சால்வையைத் தேடினாராம்.

கடைசியில் ஊரில் கணக்கில் வராத ஆள் ஒருவர்தான். அதற்கு மேல் ஆரும் கேட்கவில்லை. எல்லாரும் என் வாசலுக்கு வந்தார்கள், வெள்ளைச் சீலையோடு. அந்த நேரத்தை மட்டும் நான் சொல்லவில்லை. மாதாவுக்குத் தெரியும்.

பிறகு ஆர் முன்னுக்குப் போனது, ஆர் பின்னுக்கு வந்தது என்று தெரியாது. குருநகர்ப் பெண்கள் எல்லாரும் முகாம் வாசலில் நின்றோம். தலைவிரித்து ஒப்பாரி வைத்தோம். உயிரைக் கேட்க வரவில்லை, பிரேதத்தையாவது தாருங்கோ, அடக்கம் செய்யப்போகிறோம் என்று கத்தினோம். எங்கள் சத்தம் கடலில் நின்ற வள்ளங்களுக்குக் கேட்டதாம்.

அந்தப் பெரிய அதிகாரி வெளியே வந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது. தன் ஆட்களில் ஆராவது தனக்குச் சொல்லாமல் ஏதும் செய்துவிட்டார்களோ என்று ஒருமுறை உள்ளே ஓடிப் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி மூச்சு வாங்கினார். அரைகுறைத் தமிழில் சொன்னார்:

"ஏன் அழுறது? லியோன் சாகல்ல. லியோன் உள்ளே. இப்பத்தான் சோறு தின்றது."

அழுகை டக்கென்று நின்றது. இல்லை, இல்லை என்று சொன்ன வாய் அது. அந்த அமைதியில் பின்னாலிருந்து சைக்கிளோடு ஒருவர் முன்னுக்கு வந்தார். ஆர்? வேறு ஆர்! சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்துத் திறந்துகொண்டு மரியாதையாகக் கேட்டார்:

"ஐயா, லியோன் உள்ளுக்கு இருக்கிறார் எண்டதை நீங்கள் சொன்னதாக எழுதலாமோ?"

அந்த மனிதர் அண்ணையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். முன்னால் நின்ற ஒருத்தி மறுபடி அழ வாயைத் திறந்தாள். "எழுது, எழுது" என்று கையைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த நாள் வந்தது: "குருநகரைச் சேர்ந்த கடற்றொழிலாளர் லியோன் முகாமில் நலமாக உள்ளார், உணவு உட்கொண்டார் என முகாம் அதிகாரி எமது நிருபரிடம் தெரிவித்தார்." இதை மறுக்க முடியுமா? சோறு தின்ற மனிதனை இல்லை என்று சொல்ல முடியுமா? அந்தக் கிழமையே என் மனிசன் நடந்து வீட்டுக்கு வந்தார். வந்ததும் முதல் வேலையாக அண்ணையிடம் போய்ச் சண்டை பிடித்தார். உணவு என்று எழுதியிருக்கிறீர்கள், அது அரை அவியல் சோறு, திருத்திப் போடுங்கோ என்றார். அண்ணை வழக்கமான கேள்வியைக் கேட்டார். லியோன் சொன்ன மறுமொழி: "கண்டதுமில்லை, கேட்டதுமில்லை. திண்டது."

ஆனால் கேளுங்கள், அன்பானவர்களே. அந்தச் செய்தி வந்த அதே பக்கத்தில், கீழே இன்னொரு சின்னச் செய்தியும் இருந்தது. முதல் நாள் கறுப்புக் கரை தவறுதலாக இடப்பட்டது, குருநகரில் ஒருவரும் இறக்கவில்லை, வருந்துகிறோம் என்று. எனக்குப் பொறுக்கவில்லை. என் மனிசனின் உயிரைத் தந்த பிழைக்கு ஏன் மன்னிப்புக் கேட்கிறீர்கள் என்று வேலிக்கு மேலால் கேட்டேன்.

"தங்கச்சி, நல்லது நடந்தாலும் பிழை பிழைதான். இண்டைக்கு உந்தப் பிழையை மூடினால், நாளைக்கு நாங்கள் மெய்யாச் சொல்லுறதையும் சனம் நம்பாது. பிறகு எங்களைப் பூட்ட ஆரும் பூட்டுக் கொண்டுவரத் தேவையில்லை."

பத்திரிகைச் சுதந்திரம் என்று இந்த மேடையில் பலமுறை சொன்னார்கள். எனக்கு அதற்கு விளக்கம் சொல்லத் தெரியாது. என் மனிசன் எங்கே என்று நான் கேட்டபோது, எனக்காக இன்னொருவர் போய்க் கேட்டார், கேட்டதை எழுதினார், எழுதினதில் பிழை வந்தால் அதையும் எழுதினார். இது இல்லாத ஊரில் ஒரு பெண்சாதி எப்படி நித்திரை கொள்ளுவாள்?

அண்ணை போன பிறகு, குருநகர்ச் செய்திக்கு ஆர் என்று கதிரவேலு ஐயா போன ஞாயிறு கோயில் முற்றத்தில் கேட்டார். ஆண்கள் எல்லாரும் நிலத்தைப் பார்த்தார்கள். ஐயா, நான் எழுதுகிறேன். லியோனிடம் கேட்டேன். கவனம் என்றார், வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆண்டவரே, எங்கள் கிறிஸ்துநாயகம் அண்ணைக்கு நித்திய இளைப்பாற்றியைத் தாரும். அங்கே அவர் கேள்வி கேட்டுக்கொண்டு திரிந்தால் மோட்சத்துச் சம்மனசுகள் பொறுத்துக்கொள்ளட்டும்.

முதல் செய்தியைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். கைம்பெண் ஸ்ரெல்லாவின் வள்ளத்தைப் போன கிழமை, இப்போது துவக்கு வைத்திருக்கிறவர்கள் கரையிலிருந்து கேள்வி இல்லாமல் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த வள்ளத்தை வாடகைக்குக் கொடுத்துத்தான் அவள் பிள்ளைகளை வளர்க்கிறாள். நான் போய்ப் பார்த்தேன். வள்ளம் அவர்களிடம்தான் நிற்கிறது. எடுத்தவர்களிடமும் கேட்டேன். இதை எழுதலாமோ என்று கேட்டதற்குச் சிரித்தார்கள். சிரித்தார்கள் என்றும் எழுதியிருக்கிறேன்.

ஐயா, இந்தாருங்கோ. நாளைக்குப் போடுங்கோ. அடியிலே 'எமது நிருபர்' என்று போடவேண்டாம். பெர்னடெட் லியோன், குருநகர் என்று போடுங்கோ.