எட்டாவது வேலை

கவுஞ்சியிலிருந்து கொடைக்கானல் போகும் பஸ்ஸில் எனக்குப் பின்சீட்டில் ஒரு தச்சரும் அவர் மனைவியும். பையைத் துழாவியவர் பதறிப்போனார்.

“அந்த அளவுப் பலகை எங்கடி?”

“குளிக்கிற ரூம் கதவுக்கு முட்டுக் குடுத்திருக்கேன்.”

“கோணம் பாக்க, துளை போட, நேரா அறுக்கன்னு ஏழு வேலைக்கு ஆகுற பலகைடி அது.”

“இது எட்டாவதுங்க.”

“அது இல்லாம இன்னைக்கு ஹோட்டல் சன்னலை முடிக்க முடியாது. ஹோட்டல்காரரு வேற ஆளைக் கூப்பிட்டுருவாரு.”

“முட்டு இல்லாம நானும் குளிக்க முடியாது. தாழ்ப்பாள் கேட்டு ஒரு வருசமாச்சு.”

சண்டை வந்துவிடுமோ என்று திரும்பிப் பார்த்தேன். அவரோ இறங்கி வீட்டுக்குத் திரும்ப எழுந்துவிட்டார்.

அந்தம்மா மடியிலிருந்து புதுத் தாழ்ப்பாள் பொட்டலத்தை எடுத்து நீட்டினார்.

“வெரசா போயி இதை மாட்டிட்டு, அப்புறம் பலகையத் தொடுங்க. திருகாணியும் பொட்டலத்துல இருக்கு.”