பாத்திரப் பட்டறைக்குப் போன தங்க வாட்ச்

"இது என்ற வாட்ச்சே இல்லையே!"

அனுப்பர்பாளையத்தில் பஸ் ஏறி என் முன் சீட்டில் உட்கார்ந்தவர் போட்ட சத்தத்தில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் அவருடைய மச்சினன், பையிலிருந்து எடுத்த தங்க வாட்ச்சை நீட்டியபடி சிரித்துக்கொண்டிருந்தார்.

"அதேதானுங்க மச்சான். நீங்க நெட்டுல வாங்குனது. மங்கிக் கெடந்துச்சுங்க. நம்மகிட்ட சரக்கு வாங்கற வெளிநாட்டு பையருக்குப் பரிசாக் குடுக்கறத அப்படியேவா குடுக்கறது? நம்ம பாத்திரப் பட்டறையில பாலிஷ் போட்டுட்டு வந்துட்டனுங்க."

"கொடம் பாலிஷ் போடற மிசின்லயா?"

"ஆமாங்க. அஞ்சே நிமிசம்!"

"அடப்பாவி! அந்தாளு பழைய வாட்ச்சா தேடித் தேடிச் சேக்கறவன். அறுவது வருசத்துப் பழசுன்னுதான் அத்தன வெல குடுத்து வாங்குனேன்."

"இப்பப் பாத்தா பழசுன்னு யாருமே சொல்ல மாட்டாங்கங்க!"

மச்சான்காரர் வாட்ச்சைத் திருப்பி, பின்பக்கத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

"இங்க கம்பெனி பேரும் நெம்பரும் வெட்டியிருந்துச்சே. அத வெச்சுத்தானே அசல்னு நம்புவாங்க. எங்கடா அது?"

"அது பேருங்களா? கீறல்னு நெனச்சு, அந்த எடத்த மட்டும் ரெண்டு தடவ போடச் சொன்னனுங்க."