கால் இல்லாத மயில்

காகிதம் மடிக்கிறவனுக்கு முதலில் வேண்டியது சுத்தமான நகம். என் கையைப் பாருங்கள் ஐயா. டிரசர் வேலைக்கும் அதுதான் அழகு. மலாக்கா காஜா பெராங்கில் டாக்டரின் கிளினிக்கில் இத்தனை வருடமாக மருந்து கட்டிக் கொடுக்கிறேன். சேது டிரசர் நகத்தில் அழுக்கைப் பார்த்தவர் ஒருவர் கிடையாது. கேட்டதை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். நடுவில் புகுந்து அவசரப்படுத்த வேண்டாம்.

இந்த வித்தை எனக்கு ஜப்பான்காரன் காலத்தில் வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் அப்போது எடுபிடியாக இருந்தேன். மலேரியாவில் படுத்திருந்த ஒரு சிப்பாய் சிகரெட் பெட்டித் தாளில் கொக்கு மடித்துக் காட்டினான். அவன்மேல் எனக்குப் பிரியம் ஒன்றும் இல்லை. என் சொந்த அண்ணனைச் சயாமுக்கு ரயில் பாதை போட ஓட்டிக்கொண்டு போன கூட்டம் அது. அண்ணன் திரும்பி வரவில்லை. ஆனாலும் கொக்கு என்ன பாவம் செய்தது? சிப்பாய் செத்துப் போனான், கொக்கு என்னிடம் தங்கிவிட்டது.

பிறகு நானே படித்துக்கொண்டேன். தவளை, ஆமை, மீசையோடு இறால், ஓட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் நண்டு. சட்டம் ஒன்றுதான். ஒரே தாள். கத்தரி படக் கூடாது, பசை படக் கூடாது. கால் வேண்டுமா, தாளின் மூலையிலிருந்து எடு. எடுக்கத் தெரியவில்லையா, சும்மா இரு. வெட்டி ஒட்டுவதற்கு நான் எதற்கு? தீபாவளிக்குக் காகித விளக்குக் கூண்டு செய்கிறவன் போதுமே.

கிளினிக்கிலும் அது கை கொடுத்தது. கசப்புப் பொடியைப் பிள்ளைகளுக்கு வெறும் பொட்டலமாக நான் கொடுத்ததில்லை. குருவியாகவோ தவளையாகவோ மடித்து, வயிற்றுக்குள் பொடியை வைத்துக் கொடுப்பேன். பொடியை விழுங்கின பிள்ளைக்குத்தான் குருவி சொந்தம். அழுத பிள்ளைக்குக் கிடையாது. இந்த வட்டாரத்தில் எந்தத் தாயை வேண்டுமானாலும் கேளுங்கள். சீனத்தி, மலாய்க்காரி, நம்மவள், எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். பெரியவர்களுக்கு மட்டும் சாதாரணப் பொட்டலம்.

என் மனைவி பாக்கியலட்சுமியின் அண்ணன் கலியாணசுந்தரம். எங்களுக்கு அடுத்த சந்தில் வீடு. வாய் பெருத்த மனிதன், சங்கத்துச் செயலாளர் வேறு. அவன் மகள் கோகிலா மட்டும்தான் என் வேலையைப் பார்க்கத் தெரிந்தவள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. மாமா, மாமா என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள். குருவியைக் கிழிக்காமல் பிரித்து, பொடியைத் தின்றுவிட்டு, மறுபடி மடித்துப் பார்ப்பாள். மற்ற பிள்ளைகளுக்கு அந்தப் பொறுமை வராது.

மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம் வருகிறது என்று ஊரெல்லாம் தோரணம் கட்டின சமயம். சங்க மண்டபத்தில் கண்காட்சி வைக்கப் போகிறோம், நம் வீட்டுப் பங்காக ஏதாவது செய்து கொடுங்கள் மாப்பிள்ளை என்று கலியாணசுந்தரம் கேட்டான். நான் மயில் மடித்தேன். தோகை விரித்த மயில், ஒரே தாள். எத்தனை மாதம் என்று கேட்காதீர்கள். தோகை யாருக்கும் வந்துவிடும் ஐயா. கால்தான் கஷ்டம். தோகைக்குத் தாளெல்லாம் போன பிறகு மிச்சம் இருக்கும் இரண்டு நுனியிலிருந்து, விரலோடு, நகத்தோடு, உடம்பைத் தாங்குகிற மாதிரி இரண்டு காலை எடுக்க வேண்டும். எடுத்தேன். நின்றது. அன்றைக்குச் சாமி கும்பிடக்கூட எனக்குத் தோன்றவில்லை, அப்படி ஒரு நிறைவு.

கண்காட்சி அன்று மண்டபத்துக்குப் போகிறேன். என் மயிலுக்குக் கால் இல்லை. ஒட்டுப்பலகையில் மலாயா வரைபடம் வரைந்து, மலாக்கா இருக்கிற இடத்தில் மயிலைச் சோற்றுப் பசை போட்டு அப்பியிருந்தான் கலியாணசுந்தரம். கால் இடைஞ்சலாக இருந்ததாம். கத்தரித்துவிட்டானாம். குரங்கு கையில் பூமாலை என்பார்களே, அந்தக் குரங்குக்காவது பூமாலை என்று தெரியாது.

ஏன் மச்சான் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். சத்தம் போடவில்லை. சுற்றி ஆட்கள் இருந்தார்கள்.

"காகிதந்தானே மாப்பிள்ளை. இன்னொண்ணு மடிச்சாப் போச்சு. நாடே நம்ம கைக்கு வருது, நீங்க ரெண்டு காலுக்குப் போயி மூஞ்சியத் தூக்கிக்கிட்டு நிக்கிறீங்களே லா."

எல்லாரும் சிரித்தார்கள். தலைமை தாங்க வந்தவர் யார் செய்தது என்று கேட்டபோது, நம்ம வீட்டுல செஞ்சதுதாங்க என்று கையைக் கட்டிக்கொண்டு சொன்னான். மாலையும் அவன் கழுத்தில்தான் விழுந்தது. வெட்டின கால்கள் எங்கே என்று தேடினேன். மேசைக்கடியில் குப்பையோடு கிடந்தன. மிதிபட்டிருந்தன.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். என் விஷயத்தில் அது பொய். ஆத்திரம் வந்த பிறகுதான் எனக்குப் புத்தி தெளிவாக வேலை செய்தது. அவனுக்கு வயிற்றெரிச்சல் உண்டு, வாராவாரம் என்னிடம்தான் பொடி வாங்குவான். கொடி ஏற்றின மறுவாரம் கிளினிக் அலமாரியைத் திறந்தேன். எதை எடுத்தேன் என்று டாக்டர் சொல்வார். அவரைக் குறை சொல்லாதீர்கள், சாவி என் இடுப்பில்தான் இருக்கும்.

வெறும் பொட்டலமாகக் கட்டியிருந்தால் இந்த நேரம் அவன் போயிருப்பான், நீங்களும் வயிற்றுவலி என்று எழுதிவிட்டுப் போயிருப்பீர்கள். ஆனால் எதற்காகச் சாகிறோம் என்று தெரியாமல் அவன் சாகக் கூடாது. அது நியாயம் இல்லை. எனவே மயில் மடித்தேன். சின்ன மயில், உள்ளங்கை அளவு, வயிற்றுக்குள் பொடி. இரண்டு காலும் வைத்தேன். அவன் அதைப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, எப்போதும்போல் யோசிக்காமல் கிழித்துப் பொடியை வாயில் போட வேண்டும். இதுதான் என் எண்ணம்.

பழுப்புக் கவரில் வைத்துப் பாக்கியத்திடம் கொடுத்தேன். உன் அண்ணனுக்குப் பொடி, கொண்டுபோய் வைத்துவிட்டு வா என்றேன். அவள் கவரைப் பிரித்துப் பார்க்கிறவள் இல்லை. சாப்பாட்டு மேசையில் தண்ணீர்க் குவளைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாளாம். அண்ணன் வெளியே போயிருந்தாராம். நல்ல பெண். அவளை விட்டுவிடுங்கள்.

மறுநாள் காலை போலீஸ் வண்டியில் நீங்கள் கிளினிக்குக்கு வந்தீர்கள். மருந்து மேசைமேல் மயிலை வைத்தீர்கள். உங்களுக்கு அது ஒரு சாட்சிப் பொருள். எனக்கு வேறு. அது நான் மடித்த மயில் இல்லை. என் தாள்தான், ஆனால் யாரோ பிரித்து மறுபடி மடித்திருந்தார்கள். கழுத்து திரும்பியிருந்தது, தோகையில் ஒரு மடிப்பு உள்ளே போகாமல் வெளியே வந்திருந்தது. கலியாணசுந்தரம் பிரித்திருந்தால் தாள் கிழிந்திருக்கும். இதில் ஒரு கிழிசல் இல்லை. நீங்கள் வாய் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

கவருக்குள் மயிலைப் பார்த்ததும் தனக்குத்தான் என்று கோகிலா எடுத்திருப்பாள். அழாமல் விழுங்கியிருப்பாள். விழுங்கினால்தானே மயில் சொந்தம்.

பிள்ளை செத்துப் போனாள், அவள் அப்பன் நன்றாக இருக்கிறான் என்று நீங்கள் சொன்னபோது நான் மேசையைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தீர்கள். அது துக்கம் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தீர்கள். துக்கம் இல்லை ஐயா. கோபம். அவன் இருக்கிறானே என்ற கோபம். இப்போதும் இருக்கிறது.

பாக்கியம் நேற்று வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"அந்த வீட்டுல பொம்மைக் காகிதம் யாரு கைக்குப் போகும்னு உங்களுக்குத் தெரியாதா? மடிக்கிறப்ப அந்தப் புள்ள ஞாபகம் வரலையா?" என்றாள்.

நீங்களும் அதையேதான் சுற்றிச் சுற்றிக் கேட்கிறீர்கள். உங்களிடம் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். ஞாபகம் வந்தது. கோகிலாவின் முகமே வந்தது. ஆனால் அப்போது வலது கால் ஒன்றுதான் பாக்கி இருந்தது, அவ்வளவு நன்றாக வந்துகொண்டிருந்ததை நடுவில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.