அந்தப் பத்துப் பேர்

மகள்: மெதுவாம்மா... கையில ஊசி குத்தியிருக்கு, இழுக்காத.

அம்மா: ஊசி கிடக்குது. அந்தப் பத்துப் பேரு யாரு, அதைச் சொல்லு.

மகள்: எந்தப் பத்துப் பேரு?

அம்மா: காலையில டாக்டர் கால்மாட்டுல நின்னுக்கிட்டு உன்கிட்ட சொன்னாரே... இந்த மாதிரி வலிப்பு வந்த பத்துப் பேர்ல ஆறு பேரு ரெண்டு வருஷம் தாண்ட மாட்டாங்கன்னு. நான் கண்ணைத்தான் மூடியிருந்தேன். காதை மூடல.

மகள்: ஐயோ... நீ தூங்குறன்னுல்ல நெனச்சேன்!

அம்மா: தூங்கினா மட்டும் பேசலாமா? ஆளு உசிரோட படுத்திருக்கேன், எனக்கு நாள் குறிக்கிறாரு.

மகள்: நாளெல்லாம் குறிக்கல. அது ஒரு கணக்கும்மா. மாடியில துணி காயப்போட்டுக்கிட்டே விழுந்துட்ட. இழுப்பு நிக்கவே இல்ல. ஆம்புலன்ஸ் வந்து, இங்க கொண்டாந்து, ஊசி மேல ஊசி போட்டும் நிக்கல. அப்படி விடாம இழுத்தவங்க அதுக்கப்புறம் எவ்வளவு காலம் இருப்பாங்கன்னு...

அம்மா: எதை வெச்சு? கைரேகை பார்த்தா?

மகள்: கிண்டல் பண்ணாத. எந்த மாதிரி வலிப்பு, வரும்போது நினைவு இருந்துச்சா, முன்னாடி வந்திருக்கா... அப்புறம் வயசு.

அம்மா: வயசா?

மகள்: அறுபத்தஞ்சு தாண்டிட்டா மார்க்கு ரொம்பக் கூடிடுதாம். உனக்கு அறுபத்தெட்டு. அங்கதான் இடிக்குது.

அம்மா: அறுபத்தெட்டு... ம்.

மகள்: என்னம்மா?

அம்மா: ஒண்ணுமில்ல. மார்க்கு கூடினா நல்லதுதானே?

மகள்: இதுல கூடினா மோசம்.

அம்மா: நல்ல பரீட்சை! அந்த மனுஷன் என் மூஞ்சியை நிமிர்ந்து பார்த்தாரா? ஈரத்துணி வாளியைத் தூக்கிட்டு ரெண்டு மாடி ஏறுறவ நான். ஒரு பல்லு ஆடல. கண்ணாடி இல்லாம ஊசியில நூல் கோப்பேன். அதுக்கெல்லாம் மார்க்கு கிடையாதா?

மகள்: நானும் அதான் கேட்டேன். கணக்குல அதுக்கு இடமில்லன்னுட்டார்.

அம்மா: வீறாப்பா கேட்டுட்டு கடைசியில 'சரி டாக்டர்'னியே... எதுக்குச் சரி?

மகள்: அது... மாத்திரைக்கு.

அம்மா: மாத்திரைக்கு யாராவது மூக்கை உறிஞ்சுவாங்களா?

மகள்: அம்மா, விடேன்...

நர்ஸ்: என்ன, வராந்தா வரைக்கும் சத்தம்? பாட்டி, கையைக் காட்டுங்க.

அம்மா: பாட்டியா? எனக்கு இன்னும் பேரப்பிள்ளையே பொறக்கல.

நர்ஸ்: சரிங்கம்மா, கோவிச்சுக்காதீங்க. இது எந்த இடம்?

அம்மா: ஆஸ்பத்திரி. மேல ஃபேன் கிறீச்சுங்குது, எண்ணெய் விடச் சொல்லு.

நர்ஸ்: இவங்க யாரு?

அம்மா: நான் பெத்தது. பொய் சொல்ல வராது.

நர்ஸ்: உங்க வயசு?

அம்மா: ... அறுபத்தெட்டு.

நர்ஸ்: பேரு?

அம்மா: அதான் கட்டில்ல எழுதி மாட்டியிருக்கீங்களே. அதேதான்.

நர்ஸ்: பரவாயில்லையே! இன்னிக்கு நல்ல தெளிவு. நேத்து எத்தனை தடவை கேட்டாலும் அறுபத்தொண்ணு, அறுபத்தொண்ணுன்னே சொன்னாங்க. பேரும் வேற ஏதோ சொன்னாங்க, இல்லீங்களா?

மகள்: ம்...

நர்ஸ்: டாக்டர்கிட்ட சொல்லிடுறேன். நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் சண்டை போடாம இருங்க.

அம்மா: நேத்து... நான் அப்படியா சொன்னேன்?

மகள்: மருந்து மயக்கத்துல உளறினது. அதை விடு.

அம்மா: அதை விட்டுட்டேன். நீ ஏன் கண்ணைத் தொடைக்கிற? எதுக்குடி சரின்ன?

மகள்: மறுபடி அப்படி வந்து மூச்சு நின்னா... மெஷின்ல போடணுமான்னு கேட்டார்.

அம்மா: ம்.

மகள்: வேண்டாம்னேன். அண்ணனும் ஃபோன்ல அதான் சொன்னான். அம்மாவைக் கஷ்டப்படுத்தாதன்னு.

அம்மா: எனக்கா கஷ்டம்? அவனுக்கு லீவு கிடைக்கல, அது கஷ்டம்! மூணு நாள் அந்த மெஷின்ல கிடந்துட்டுத்தானே இப்ப உன்கிட்ட மல்லுக்கு நிக்கிறேன்? மூச்சு என்னுது. வேண்டாம்னு சொல்ல நீங்க ரெண்டு பேரும் யாரு? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?

மகள்: எப்படிம்மா கேக்குறது? உன் பேரே உனக்குத் தெரியல! டாக்டர் வயசைப் பார்த்து உதட்டைப் பிதுக்குறார். உன்னைக் கேட்டா நீ யாரோ மாதிரி பேசுற. மூளை போயிடுச்சுன்னு நெனச்சேன்... எங்கம்மா உள்ள இல்லன்னு நெனச்சுட்டேன்.

அம்மா: கதவைச் சாத்து.

மகள்: எதுக்கு?

அம்மா: சாத்துடி. ... நான் ரிட்டயர் ஆன நெசவு மில்லு இருக்கே, அங்க முதல்ல வேலைக்குப் போனது நான் இல்ல. எங்க அக்கா.

மகள்: அக்காவா? உனக்கு ஏது அக்கா?

அம்மா: இருந்தா. இருபத்தோரு வயசுல காய்ச்சல்ல போயிட்டா. வீட்டுல அந்த ஒரு சம்பளம்தான். கிடைச்ச வேலை கைவிட்டுப் போயிடக் கூடாதுன்னு எங்கப்பா என்னைக் கூட்டிட்டுப் போய் அவ தறி முன்னாடி நிறுத்தினார். மேஸ்திரிக்குத் தெரியும். ஆள் வந்தாப் போதும்னு இருந்துட்டார். எனக்குப் பதினாலு. அவ உசரம் இருந்தேன். அன்னியிலேர்ந்து அவ பேரு, அவ வயசு.

மகள்: அம்மா... ஒரு தடவை கூட சொன்னதில்லையே!

அம்மா: வெளிய வந்தா வேலை போயிடும்னு பயம். அப்புறம் பென்ஷன் போயிடும்னு பயம். உங்கப்பாவே அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டார், நானும் திரும்பிப் பார்த்தேன். என் பேரு எனக்கு மறந்துடுச்சுன்னே நெனச்சிருந்தேன்.

மகள்: அப்ப நேத்து நீ சொன்னது...

அம்மா: போ, அந்த டாக்டரைக் கூட்டிட்டு வா. அவர் ஆயுசு கணக்குப் போட்டது எங்க அக்காவுக்குன்னு சொல்லு. கணக்கு சரிதான், அவ பொழைக்கல. நான் இருக்கேன். எனக்கு அறுபத்தொண்ணு. எனக்கு மெஷின் வேணும்.