பத்துக்குப் பிறகு

லைட்டை அணைக்காதே என்று எவன் சொன்னது? பயந்தாங்கொள்ளி! அணை. எல்லாரும் கிட்ட வந்து உட்காருங்கள்...

2005. லப்பைக்குடிக்காட்டில் பொழுது சாய்ந்து, மக்ரிபு தொழுகைக்குப் பாங்கு சொல்லி ஓய்ந்த நேரம். வெள்ளாற்றுப் பக்கம் போகும் ரோட்டில் ஈ காக்கை இல்லை. அங்கே கடைசி வீடு காமிலுடையது. நம்ம ஜபருல்லாவின் சின்னம்மா மகன். பெண்டாட்டி மர்ஜியா, கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

காமில் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதினான். பேச்சில் கலந்த இரைச்சலை நீக்குகிற வேலை. பைத்தான் மொழியில் எழுதிய புரோகிராம் அந்தப் பேச்சை எண்களாக வரிசையில் அடுக்கும். சி மொழியில் எழுதிய லைப்ரரி அதை வாங்கிச் சுத்தம் செய்யும். வரிசை எங்கே முடிகிறது என்று சரியாகச் சொல்லாவிட்டால், சி வேலி தாண்டிய மாடு மாதிரி மெமரியில் மேய்ந்துகொண்டே போகும். பழைய குப்பையை எல்லாம் வாரிக்கொண்டு வரும்.

டெஸ்ட்டுக்கு மர்ஜியாவின் குரலைப் பதிந்து வைத்திருந்தான். "ஒண்ணு... ரெண்டு..." பத்து வரை. பத்து போனால் பத்துதான் திரும்ப வேண்டும். அன்றைக்கே அனுப்பியாக வேண்டும்.

கரண்டு போனது. யு.பி.எஸ். கீ... கீ... என்று கத்தியது. மோட்டார் ஓடாது.

"தொழணும், கைகால் கழுவி ஒளு செய்யத் தண்ணி இல்ல மச்சான். கெணத்துல சேந்தணும். சித்த டார்ச்சு புடிக்க வாங்க," என்றாள் மர்ஜியா.

"யு.பி.எஸ். நிக்கிறதுக்குள்ள முடிக்கணும். நீயே போ."

ஹெட்போனை மாட்டிக்கொண்டான், படுபாவி.

டெஸ்ட்டை ஓட்டினான். ஒன்பது... பத்து... அப்புறம் 'களக்' என்று தண்ணீர்ச் சத்தம். ஈனக் குரலில், "மச்சான்..."

எப்போதோ பதிந்தது மெமரியில் ஒட்டியிருக்கிறது என்று நினைத்தான். வரிசையின் நீளத்தைப் பார்த்தான். சரியாகத்தான் இருந்தது. மறுபடி ஓட்டினான். "மச்சான்... மச்சான்..." இன்னும் ஈனமாக.

"குப்பை! வெட்டித் தள்ளு," என்று வாய்விட்டுச் சொன்னான். பத்துக்கு மேல் வருவதை வெட்டும்படி ஒரு வரி எழுதினான். டெஸ்ட் பாஸ். ஹெட்போனைக் கழற்றினால், வீட்டில் சத்தமே இல்லை.

கிணற்றில் கயிற்றைப் பிடித்தபடியே கிடந்தாள். ரொம்ப நேரம் உயிரோடு இருந்திருக்கிறாள் என்றார்கள் தூக்கினவர்கள். கல்லில் எல்லாம் நகக் கீறல். அவன் ஜன்னலுக்கு நேர் கீழேதான் கிணறு.

அவளுக்கு நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்தது. "ஒரே ஒரு தடவ அவ என்னக் கூப்புட்டாப் போதும்டா," என்று ஜபருல்லாவிடம் அழுதான். வெட்டுகிற வரியை அழித்துவிட்டு ஓட்டினான். ஹெட்போனின் ஒரு பக்கத்தை ஜபருல்லா காதில் வைத்துக்கொண்டான்.

"ஒண்ணு... ரெண்டு..." பத்து வந்தது.

அப்புறம் தண்ணீர் சொட்டும் சத்தம். நகம் கல்லைச் சுரண்டும் சத்தம். அதற்கும் மேலே, கிணற்று வாய்க்கு வெளியே இருந்து... காமிலின் குரல்.

"குப்பை! வெட்டித் தள்ளு."